அறுபத்தேழா, எழுபத்தேழா?

வயதானவர்களுக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டால் பிறருக்கு வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போது நமக்குச் சரியாக விழவில்லை என்றால், பழி நம் காதின் மேல்தான். என் கட்சி வேறு. சில இடங்களில் குற்றவாளி நம் காது அல்ல, மேசைக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. காது மந்தம் என்றால் அறிவிப்பு முழுவதுமே மங்கலாகக் கேட்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து மட்டும் காணாமல் போய், மற்றதெல்லாம் கணீரென்று விழுந்தால், அது கருவியின் கோளாறு.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையின் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். "...பத்தேழு" என்று ஒலிபெருக்கி சொன்னது. ஒரே நேரத்தில் இருவர் எழுந்தார்கள். ஒருவர் 67, இன்னொருவர் 77. கைத்தடியோடு எழுந்த அம்மாதான் 77. கதவு வரை நடந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். "கவனமாக் கேக்கக் கூடாதா பாட்டி" என்று அவருக்கு ஓர் அறிவுரை வேறு.

நம் தமிழில் அறுபத்தேழுக்கும் எழுபத்தேழுக்கும் வித்தியாசம் முதல் இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது. அதை விழுங்கிவிட்டால் இரண்டும் ஒன்றே. நான் படித்த பிரெஞ்சில் 67 என்றால் "சுவாசாந்த் செத்", 77 என்றால் "சுவாசாந்த் தீஸ்ஸெத்". தலை போனாலும் வால் காட்டிக் கொடுத்துவிடும். ஆக, முதல் எழுத்தை விழுங்கும் கருவி தமிழனுக்குத்தான் அதிகத் தொல்லை.

ஏன் விழுங்குகிறது? ரேடியோ பிரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு, சத்தம் வருவதற்கு முன்பே ஓர் ஆரம்ப மின்னழுத்தம் கொடுத்து வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதைப் பயஸ் என்பார்கள். எங்கள் பிரெஞ்சு பாடத்தில் "பொலரிஸாசியோன்". அப்படி அது நிலைகொள்ளும் இடத்துக்கு "புவான் த ரெப்போ", அதாவது ஓய்வுப் புள்ளி என்று பெயர். ஓய்வு என்றாலும் தூக்கமில்லை. கூப்பிட்டால் உடனே எழுந்து வரத் தயாராக இருக்கும் நிலை.

12 வோல்ட்டில் ஓடும் ஒரு சாதாரணச் சுற்றை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாகப் போட்டு நடுவில் 6 வோல்ட் எடுப்பார்கள். மின்சாரத்தின் உறுமல் பேச்சில் கலக்காமலிருக்க, அந்த நடுப்புள்ளியில் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை வைப்பார்கள். கண்டென்சர் ஒரு தொட்டி என்றால் ரெசிஸ்டர் அதற்கு வரும் மெல்லிய குழாய். கணக்குப் போட்டால் அரை நொடியில் 63 சதவீதம்தான் நிரம்பும். 99 சதவீதம் நிரம்ப 2.3 நொடி. அதுவரை பேச்சு வெளியே வராது, அல்லது நசுங்கி வரும். நாம் நொடிக்கு நாலைந்து அசையாவது பேசுகிறோம். "அறு" போவதற்கு அரை நொடியே தாராளம்.

அந்தக் காலத்து வால்வு ரேடியோவும் சூடேற அரை நிமிடம் எடுத்துக்கொண்டதே என்பீர்கள். எடுத்துக்கொண்டது. ஆனால் காலையில் ஒரு முறை போட்டால் அதோடு சரி. இன்றைய கருவிகள் சிலவற்றில், மின்சாரம் மிச்சம் என்று, யாரும் பேசாதபோது எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். மைக்கின் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தொட்டி மறுபடியும் காலியிலிருந்து நிரம்ப வேண்டியிருக்கிறது.

இதற்கு மருந்து உண்டு. தொடக்கத்தில் மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக, 1 கிலோ ஓம் போன்ற அகலமான குழாயைத் திறந்து தொட்டியை மளமளவென்று நிரப்பி, 6 வோல்ட் வந்ததும் அதை மூடிவிடலாம். நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடும். உறுமலைத் தடுக்கும் கண்டென்சர் அப்படியே இருக்கும்.

வேகமாக ஏற்றினால் ஸ்பீக்கரில் "டப்" என்று இடிக்குமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயஸ் நிலைகொள்ளும் வரை வெளியீட்டை ஊமையாக வைத்துப் பிறகு திறந்தால் போதும். மெதுவாக ஏறும் சுற்றில் அந்த ஊமைக் காலம் இரண்டு நொடி. வேகமாக ஏறினால் யாருக்கும் தெரியாத ஒரு கணம்.

இன்னும் எளிய வழி, பயஸை அணைக்காமலே விடுவது. மேலே சொன்ன இரண்டு ரெசிஸ்டரும் குடிப்பது 60 மைக்ரோ ஆம்பியர். ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. ஆண்டு முழுவதும் விட்டு வைத்தாலும் ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. மின்சாரம் தின்னும் பவர் பகுதியை மட்டும் தூங்க வைக்கலாமே. இந்தச் சேமிப்புக்காகவா ஒரு பாட்டியைக் கதவு வரை நடக்க வைப்பது?

கருவியை மாற்றும் வரை செலவில்லாத வழிகளும் உண்டு. எண்ணுக்கு முன்னால் "டிங் டாங்" மணி அடிக்கலாம். அல்லது "டோக்கன் எண்" என்று தொடங்கிவிட்டு எண்ணைச் சொல்லலாம். விழுங்குவதானால் அந்த "டோக்கனை" விழுங்கிக்கொள்ளட்டும். பிறகு "ஆறு, ஏழு" என்று தனித்தனியாக இன்னொரு முறை. அறிவிக்கும் பெண்ணுக்குக் கூடுதலாக மூன்று நொடி ஆகும்.

நான் கோப்புகளோடு காலம் கழித்தவன். ஒலிபெருக்கி வாங்கும் டெண்டரில் எத்தனை வாட், எத்தனை பெட்டி, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றெல்லாம் எழுதுவார்கள். பொத்தானை அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் பேச வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கட்டும். "கால் நொடிக்குள்" என்று எழுத அரை வரி போதும். இப்போது நாற்காலியில் இருக்கும் தம்பி, தங்கைகள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கோப்பு மேசைக்கு வரும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.