பிரஷ் கட்டரில் பிளேடு மாற்றப் போகிறீர்களா? முதலில் பிளக் கேப்பைக் கழற்றுங்கள்!

மழை ஓய்ந்ததும் தோப்பிலும் வரப்பிலும் புல் முழங்காலைத் தாண்டி நிற்கும். மூலையில் கிடந்த பெட்ரோல் பிரஷ் கட்டரைப் பலரும் அப்போதுதான் வெளியே எடுப்பார்கள். ஸ்டார்ட் ஆகும், ஆனால் வெட்டாது. புல்லை மடக்கிப் போட்டுவிட்டுப் போகும். பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மாற்றுவது பத்து நிமிட வேலைதான். கை போவதற்கும் அந்தப் பத்து நிமிடம் போதும்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்பார்க் பிளக்கின் தலையில் இருக்கும் ரப்பர் கேப்பை இழுத்துக் கழற்றி, ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் பிளேடைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுப் பிள்ளை விளையாட்டாகச் சுவிட்சைப் போட்டுக் கயிற்றை இழுத்தாலும் இன்ஜின் ஓடாது. சைலன்சர் ஆறட்டும். தடித்த கையுறை கட்டாயம். மழுங்கிய பிளேடும் கையைக் கிழிக்கும்.

அடுத்தது நட். பலர் சறுக்குவது இங்கேதான். பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் பிளேடு நட்டுக்கு இடது மரை. அதாவது, வழக்கத்துக்கு நேர் எதிராக, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பானரில் பைப்பைச் செருகி, பலத்தையெல்லாம் காட்டி, கழற்றுவதாக நினைத்து இறுக்கி, மரையையே அழித்துவிடுவார்கள்.

பலம் தேவையே இல்லை. கியர் பாக்ஸ் பக்கம் சின்னத் துளை ஒன்று இருக்கும். பிளேடை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, மெஷினோடு வந்த கம்பியையோ ஆலன் கீயையோ அதில் செருகினால், ஓரிடத்தில் உள்ளே இறங்கும். தண்டு அசையாது. நட் சுலபமாகக் கழன்று வரும்.

கழற்றிய நட்டையும் ஒருமுறை பாருங்கள். நைலான் வளையம் வைத்த நட், விரலாலேயே கடைசிவரை சுற்றுகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பிளேடு வாங்கும்போதே புது நட்டும் வாங்கிவிடலாம். நட்டை மூடியிருக்கும் கிண்ணம் தரையில் உரசித் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கடைக்குப் பழைய பிளேடையும் கொண்டு போங்கள். நடுத்துளையில் 25.4 மி.மீ., 20 மி.மீ. என இரண்டு அளவுகள் உண்டு. அளவு மாறினால் பிளேடு நடுவில் உட்காராது, மெஷின் நடுங்கும்.

விரிசல் விட்ட பிளேடை மட்டும் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் இரும்பு அது. பற்றவைத்த இடம் விட்டுப் போனால் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. பிளேடுக்குப் பதில் சங்கிலி மாட்டும் பழக்கமும் அப்படித்தான். உலோகத் துண்டுகளைக் கோத்த இந்த வகைக் கட்டர்களின் விற்பனையைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் உத்தரவிட்டது.

புது பிளேடில் அம்புக்குறி இருந்தால், மெஷினில் உள்ள அம்புக்குறியோடு ஒத்துப்போக வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு, துளையில் செருகிய கம்பியை மறக்காமல் எடுத்துவிட்டு பிளக் கேப்பை மாட்டுங்கள். 15 மீட்டருக்குள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் பிளேடு நின்றுவிட வேண்டும். ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தும் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அன்றைக்குப் புல் வெட்ட வேண்டாம், மெக்கானிக்கிடம் கொண்டு போய்விடுங்கள்.