பெட்டி வரும், விதிகள் வருமா?

ஆம்பூரில் ஒரு காலணி ஆலையின் ஃபயர்வால் மின்னலிலோ மின்னழுத்தக் கோளாறிலோ கருகிவிட்டால், அதே ரகப் பெட்டியைச் சென்னையிலிருந்து ஓரிரு நாளில் வரவழைத்துவிடலாம். அதற்குள் இருந்த விதிகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கணக்குப் பிரிவு எந்தத் தளங்களைத் திறக்கலாம், தோல் வெட்டும் இயந்திரத்தின் கணினிக்கு இணையம் உண்டா, வெளியூர் அலுவலகம் எந்த விபிஎன் தடத்தில் உள்ளே வரலாம், கேமராப் பதிவை வெளியிலிருந்து யார் பார்க்கலாம் என்று வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை அவை. சிலவற்றை எதற்காகச் சேர்த்தோம் என்பது சேர்த்தவருக்கே மறந்திருக்கும். இத்தனையும் அடங்கிய கோப்பு, பெரும்பாலும் செல்போனில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சிறியது. ஒரு ட்ரம் தோலுக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு குரோம், எத்தனை மணி நேரச் சுழற்சி என்று எழுதி வைத்துப் பாதுகாக்கும் தொழிலுக்கு இந்தக் கோப்பைப் பாதுகாப்பது பெரிய வேலையல்ல.

இந்தக் கோப்பின் நகல் இல்லாவிட்டால் ஒருநாள் வேலை கெடும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். வேலை கெடுவதைவிட அவசரம்தான் ஆபத்து. கன்டெய்னர் கிளம்பக் காத்திருக்கிறது, சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் போட்டாக வேண்டும், முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார். அந்த நேரத்தில் புதுப்பெட்டியின் முன் உட்காரும் டெக்னீஷியன் எல்லாருக்கும் எல்லாம் அனுமதி என்று ஒற்றை விதியைப் போட்டு இணையத்தைத் திறந்துவிடுவார். தற்காலிகம் என்றுதான் சொல்வார். மறுநாள் எல்லாம் ஓடுகிறது, அந்த விதி பல மாதம் அப்படியே கிடக்கிறது. உள்தடுப்புகள் இல்லாத நெட்வொர்க் என்ன பாடுபடும் என்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை காட்டியது. 2022 நவம்பர் 23 அன்று நடந்த தாக்குதலில் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தரவு மீட்கப்பட்டது. ஆனாலும் நோயாளிப் பதிவு, சேர்க்கை போன்ற பணிகள் கணினிக்குத் திரும்ப இரண்டு வாரம் பிடித்தது.

பெட்டி விற்ற நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்பது வழக்கமான பதில். அவர்களிடம் நகல் இருந்தாலும் அது பெட்டியைப் பொருத்திய அன்று எடுத்ததாக இருக்கலாம். எடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். ஒன்று போனால் இன்னொன்று என்று இரட்டைப் பெட்டி வைத்திருக்கிறோம் என்பார்கள் வசதியுள்ளவர்கள். வன்பொருள் பழுதுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் தவறுதலாக ஒரு விதியை அழித்தால் அந்தத் தவறு சில நொடியில் இரண்டாவது பெட்டிக்கும் போய்விடும். கிளவுடில் தானாகச் சேமிக்கிறதே என்ற வாதம் இன்னும் வலுவானது. ஆனால் ஃபயர்வால் தயாரிக்கும் சோனிக்வால் நிறுவனத்தின் கிளவுட் சேமிப்பில் ஊடுருவல் நடந்ததை 2025 செப்டம்பரில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பாதிப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு என்று முதலில் சொன்னார்கள். அக்டோபரில், அந்தச் சேவையைப் பயன்படுத்திய எல்லா வாடிக்கையாளரின் கோப்புகளும் அணுகப்பட்டன என்றார்கள். விதிக்கோப்பு என்பது வீட்டின் வரைபடமும் சாவிக்கொத்தும் சேர்ந்தது. அதனால் நகலே எடுக்கக் கூடாது என்பதல்ல; கடவுச்சொல் போட்டுப் பூட்டி, நெட்வொர்க்கோடு தொடர்பில்லாத ஒரு டிரைவில், ஆலைக்கு வெளியே வைக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்த பகுதிக்கு, பெட்டியையும் நகலையும் ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நகல் இருப்பதும் அது உயிர்பெறுவதும் வேறு வேறு. பழைய கோப்பைப் பல ஃபயர்வால்கள் வேறு மாடலிலோ, வேறு மென்பொருள் பதிப்பிலோ ஏற்காது. ஏற்றாலும் போர்ட் பெயர்கள் மாறியிருக்கும். இணைய வயரைச் செருகிய இடத்துக்கு உள்நெட்வொர்க்கின் விதி போய் உட்கார்ந்துவிடும். பூட்டிய கடவுச்சொல் தெரியாவிட்டால் கோப்பு வெறும் குப்பை. இன்னொன்று, விதிகள் திரும்பினாலும் ஃபயர்வாலின் பதிவுகள் (லாக்) திரும்பாது. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெட்டிக்குள் மட்டுமே பதிவுகளை வைத்திருந்தவர் பெட்டியோடு அவற்றையும் இழக்கிறார்.

ஆகவே ஆலை முதலாளிகள் தங்கள் ஐடி ஆளிடம் பேக்கப் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். இருக்கிறது என்றுதான் பதில் வரும். அடுத்த வார விடுமுறையன்று ஆலை மூடியிருக்கும்போது, கோப்பைக் கொண்டுவந்து ஒரு மாற்றுப் பெட்டியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுப் பெட்டியை, உங்கள் ஃபயர்வாலை விற்ற நிறுவனத்திடமே அரை நாளைக்கு இரவல் கேட்கலாம்.