கான்ஃபிடன்ஸ் போதாது

சேலம், நாமக்கல் சமவெளியில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் என்று எந்தச் சாலையில் போனாலும் காலையில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. அவற்றில் வரும் பெண்களில் பலர் தறிக்குடி, ஜவ்வரிசி ஆலை, கொலுசுப் பட்டறை, கோழிப்பண்ணை வீடுகளிலிருந்து வருபவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மூன்றாம் ஆண்டு வந்ததும் அவர்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி தொடங்குகிறது. ஆங்சைட்டி, நெர்வஸ், ஸ்ட்ரெஸ், லோ செல்ஃப் எஸ்டீம், கான்ஃபிடன்ஸ் என்று சொற்களைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். “ஐ ஆம் எ கான்ஃபிடன்ட் பெர்சன்” என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். உன் பலவீனம் என்ன என்று கேட்டால், மேடைப் பயம் இருந்தது, அதை வென்றுவிட்டேன் என்று பிசகாமல் ஒப்பிக்க வேண்டும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அந்த மொழி நம் பெண்களுக்குச் சம்பளம். சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட ஒரு காரணம். ஆங்சைட்டி என்ற சொல்லாலும் நன்மை உண்டு. “நெஞ்சு திக்குதிக்குங்குது, தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது” என்று மகள் சொன்னால், “எல்லாம் உன் நெனப்பு” என்கிற வீடு, அதையே ஆங்கிலத்தில் சொன்னால் கொஞ்சம் காது கொடுக்கிறது. பைத்தியம் என்ற வசவுக்குப் பயந்து வாய்மூடிக் கிடந்தவளுக்கு இது ஒரு வாசல்தான்.

ஆனால் அந்த வகுப்பில் கற்றுத்தரும் வாக்கியங்களைக் கவனியுங்கள். எல்லாமே ‘ஐ’ என்றுதான் தொடங்குகின்றன. பயம் என்னுடையது, குறை என்னுடையது, திருத்திக்கொள்ள வேண்டியதும் நான்தான். யார் பயமுறுத்தினார்கள், எதற்காகப் பயப்பட வைத்தார்கள் என்று சொல்ல அங்கே ஒரு வாக்கியமும் இல்லை.

தமிழில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் பெருமை பேசவும் வழியில்லை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாலு குணத்தைப் பெண்ணுக்கு இலக்கணமாக வகுத்து, அதில் அச்சத்தை முதலில் வைத்த மொழி இது. 18 வயது வரை, தலை நிமிர்ந்து பேசாதே, சத்தமாகச் சிரிக்காதே, ஆம்பளை இருக்கிற இடத்தில் நிற்காதே என்று சொல்லிச் சொல்லி அச்சத்தை ஊட்டி வளர்க்கிறோம். 20 வயதில் குளிரூட்டிய அறையில் நேர்காணலுக்கு உட்கார வைத்து, ஏன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்கிறோம். வீட்டில் அணிகலனாக இருந்தது கம்பெனி வாசலில் கோளாறாகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் பழி அவள் மேல்.

இந்த மண்ணில் ஒரு பெண் பயப்படக் காரணங்களுக்குக் குறைவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவே விடுதிப் பள்ளிகள் நாமக்கல் வட்டாரத்தில் பெருகின. கோழிக்குப் பேர்போன ஊர் என்பதால் ‘பிராய்லர் பள்ளி’ என்ற கேலிப்பெயரும் வந்தது. மாநில அளவில் முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தியது. மகள்களை மதிப்பெண்ணால் எடைபோடும் வழக்கம் நின்றபாடில்லை.

2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் படித்த கோகுல்ராஜ், தன்னோடு படித்த வேறு சாதிப் பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சக மாணவனோடு கோயிலில் பேசியது ஓர் உயிரைப் பறிக்கும் என்றால், அந்த ஊர் வழியாகக் கல்லூரிக்குப் போய்வரும் பெண்ணின் படபடப்பை எந்தப் பயிற்சியாளர் மூச்சுப் பயிற்சியால் போக்குவார்? அவள் பயம் நோயல்ல; ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கும் உண்மை.

இந்தத் தந்திரம் நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பெண் உளவியலாளர்கள், சாதித்த பெண்கள் பலர் தங்களை ஏமாற்றுக்காரிகளாக நினைப்பதைப் பற்றி எழுதினார்கள். அதற்குக் குடும்பமும், பெண்ணைப் பற்றிச் சமூகம் வைத்திருக்கும் எண்ணங்களும் காரணம் என்பதையும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். இன்று அது ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்ற பெயரில் சுயமுன்னேற்றப் பேச்சுகளில் உலவுகிறது. சமூகம் கழன்றுவிட்டது, சிண்ட்ரோம் பெண்ணிடமே தங்கிவிட்டது.

நம்மிடம் இதைவிட நல்ல சொல் ஒன்று இருக்கிறது. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் 1929இல் செங்கல்பட்டு மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் வர 1989 ஆனது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944இல், இதே சேலத்தில். தன்னம்பிக்கையை ஒருத்தி கண்ணாடி முன் நின்று தனியாக வளர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சுயமரியாதை அப்படி வராது. அதற்கு எதிரில் இருப்பவர் மாற வேண்டும், சட்டம் மாற வேண்டும், பத்திரத்தில் அவள் பெயர் ஏற வேண்டும்.

ஆகவே மாணவிகளே, கான்ஃபிடன்ஸ் என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்; அதோடு நிறுத்தாதீர்கள். ஹராஸ்மென்ட், கன்சென்ட், கம்ப்ளெயின்ட் என்ற சொற்களையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் கல்லூரியில் அந்தக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். நேர்காணலில் “எனி கொஸ்டின்ஸ்?” என்றால், இரவுப் பணிக்கு வண்டி உண்டா என்று கேளுங்கள். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், நாள்கணக்கில் நெஞ்சு அடைத்தால் அதற்கு மருத்துவம் இருக்கிறது. அரசின் டெலிமானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த முறை உன் பயத்தைப் பற்றிச் சொல் என்று யாராவது கேட்டால், ‘ஐ’ என்று தொடங்க வேண்டியதில்லை. என்னைப் பயப்பட வைத்தவர்கள் இன்னார் என்று தொடங்கலாம். எந்த மொழியில் சொன்னாலும் சரி.