ஆறு நிமிட வகுப்பும் அழகான பதிவேடும்

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களில், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அன்று முதல் பயிற்சி மையங்கள், வினா வங்கிகள், சீராய்வு மனுக்கள் ஆகியவற்றைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. 150 கொள்குறி வினாக்களைக் கொண்ட அத்தேர்வு, ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை ஓரளவு காட்டும். நாற்பது குழந்தைகள் முன் நின்று அவர் என்ன செய்வார் என்பதைக் காட்டாது. அதைக் காட்ட வேண்டிய இடம் கல்வியியல் கல்லூரி. அதற்கென்றே அங்கு ஒரு பயிற்சி முறை ஏட்டளவில் இருக்கிறது. நுண்ணிலைக் கற்பித்தல் என்பது அதன் பெயர்.

1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை இது. புதிதாகப் பயிற்சிக்கு வருபவரை நேரடியாக முழு வகுப்பில் நிறுத்தினால், அவர் தடுமாறுவார். எதனால் தடுமாறினோம் என்பது அவருக்கும் விளங்காது. எனவே எல்லாவற்றையும் சுருக்கினார்கள். நான்கைந்து மாணவர்கள், சில நிமிடங்கள், ஒரே ஒரு கற்பித்தல் திறன். வகுப்பு ஒளிநாடாவில் பதிவானது. பயிற்சி பெறுபவர் தம்மையே திரையில் பார்த்தார், மேற்பார்வையாளரின் கருத்தைக் கேட்டார், பாடத்தைத் திருத்தி வேறொரு மாணவர் குழுவுக்கு மீண்டும் நடத்தினார்.

இந்தியாவில் 1967-இல் அலகாபாத்தில் டி.டி. திவாரி இதை முயன்று பார்த்தார். எழுபதுகளில் பரோடா பல்கலைக்கழகத்தின் கல்வி உயராய்வு மையத்தில் பி.கே. பாசி உள்ளிட்டோர் நம் சூழலுக்கேற்ப இதை வடிவமைத்தனர். ஒளிப்பதிவுக் கருவிக்கும் பள்ளிக் குழந்தைகளுக்கும் எங்கே போவது? கருவிக்குப் பதில் உற்றுநோக்கல் படிவம் வந்தது. குழந்தைகளுக்குப் பதில் சக பயிற்சி மாணவர்கள் அமர்ந்தார்கள். கற்பிக்க 6 நிமிடம், பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறு பின்னூட்டத்துக்கு 6 என 36 நிமிடச் சுழற்சி நிலைபெற்றது. வறுமையில் செய்துகொண்ட நியாயமான சமரசம் அது. அரை நூற்றாண்டு கழித்தும் அதே சமரசத்தில் நிற்பதற்குத்தான் நியாயமில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நான்கில் ஒரு பங்கு பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா என்று ஆறாம் வகுப்பு மாணவியிடம் கேட்டால், மூன்றைவிட நான்கு பெரியது என்பதால் நான்கில் ஒரு பங்கே பெரிது என்று அவள் சொல்லக்கூடும். புதிய ஆசிரியர் என்ன செய்வார்? பெரும்பாலும் 'தவறு, அடுத்து யார்?' என்று நகர்ந்துவிடுவார். கிளர்வினாத் திறன் என்று பாடநூல்கள் குறிப்பிடுவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று கேட்க வேண்டும். 'ஒரே அளவுள்ள இரண்டு தோசைகளில் ஒன்றை மூன்று பேருக்கும் இன்னொன்றை நான்கு பேருக்கும் பங்கிட்டால், யாருக்குப் பெரிய துண்டு கிடைக்கும்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதே கடினமான வேலை. வினா கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடியளவே விடைக்காகப் பொறுக்கிறார் என்பதையும், அதை மூன்று வினாடியாக்கினாலே மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, விடையளிப்போர் பெருகுகிறார்கள் என்பதையும் மேரி பட் ரோ எழுபதுகளிலேயே ஆய்ந்து காட்டினார். இரண்டு வினாடி மௌனத்தைப் பழகுவதற்கு ஆறு நிமிட வகுப்பைவிடப் பொருத்தமான களம் வேறில்லை.

ஆனால், எதிரே அமர்ந்திருப்பவர் கணிதத்தில் பட்டம் பெற்ற சக மாணவர் என்றால் அந்தத் தவறான விடை வரவே வராது. ஆறாம் வகுப்புச் சிறுமியாக நடிக்கச் சொன்னாலும், அவளுடைய குழப்பத்தை அவரால் நடிக்க முடியாது. தோழிக்குச் சங்கடம் நேராதபடி சரியான விடையையே சொல்வார். பிறகு உற்றுநோக்கல் படிவத்தில் தாராளமாக மதிப்பெண் இடுவார். நாளை அவருடைய முறை வரும். மறுபடி கற்பித்தல் பல இடங்களில் நடப்பதே இல்லை. பதிவேட்டில் மட்டும் தேதியிட்டு நடக்கிறது. முதல் வகுப்பைவிட இரண்டாம் வகுப்பில் மதிப்பெண் ஒழுங்காகக் கூடியிருக்கும். வண்ணப் பேனாக்களால் அணிசெய்யப்பட்ட அந்தப் பதிவேட்டைப் புறத்தேர்வாளர் புரட்டிப் பார்த்துக் கையொப்பமிடுவார். மறுபடி கற்பித்தலை நீக்கிவிட்டால் இம்முறையில் மிஞ்சுவது ஒரு சிறு நாடகம் மட்டுமே.

நேரமில்லை என்று கல்லூரிகள் சொல்வதுண்டு. கணக்கிட்டுப் பார்க்கலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி, ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கும் பி.எட். கல்லூரி, இரண்டு ஆண்டுகளுக்குமான 200 மாணவர்களுக்கு 16 முழுநேர ஆசிரியர்களைக் கொண்டிருக்க வேண்டும். 100 பேர், ஆளுக்கு ஐந்து திறன்கள், திறனுக்கு 36 நிமிடம் என்றால் மொத்தம் 300 மணி நேரம். 16 பேர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஆண்டு முழுவதற்கும் 19 மணி நேரத்துக்கும் குறைவாகவே வரும். மறுதிட்டமிடும் 12 நிமிடத்தை யாரும் மேற்பார்வையிட வேண்டியதில்லை என்பதால் உண்மையில் இன்னும் குறைவு. அந்தப் 16 பேரும் கல்லூரியில் இருக்கிறார்களா, ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் இருக்கிறார்களா என்பதே கேள்வி. நாட்டிலுள்ள 10,000-க்கும் மேற்பட்ட தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை கல்வியை அக்கறையோடு அளிக்க முயல்வதுகூட இல்லை, பட்டங்களை விலைக்கு விற்கின்றன என்ற கடுமையான மதிப்பீட்டை, நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையத்தை மேற்கோள் காட்டி, 2020 தேசியக் கல்விக் கொள்கையே முன்வைத்திருக்கிறது. அக்கொள்கையின் பிற கூறுகளில் முரண்படுவோரும் இந்த ஒன்றை மறுப்பது கடினம்.

நுண்ணிலைக் கற்பித்தலே கற்பித்தலைத் துண்டாடுகிறது என்ற விமர்சனமும் உண்டு. எண்ணிக்கைக்காகத் தனித்தனிப் பாடங்களைத் திரும்பத் திரும்ப நடத்துவதே போதும் என்று கருதும் போக்கை 2009-ஆம் ஆண்டின் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் குறைகூறியது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால், நடனம் பயில்பவர் அடவுகளைத் தனித்தனியே பழகுவதை யாரும் துண்டாடல் என்பதில்லை. பிறகு அவை ஒன்று சேர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இங்கே அதற்கென்று இணைப்புப் பாடமும், இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சியும் உள்ளன. முதற்படி வெறும் சடங்காக முடிந்தால், அதன் விளைவை அந்தப் 16 வாரங்களில் பள்ளிக் குழந்தைகள் சுமக்கிறார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் அன்று தனிக்கருவி தேவைப்பட்ட வேலையை இன்று பயிற்சி மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலோ கைப்பையிலோ உள்ள கைப்பேசி செய்துவிடும். பள்ளிக் குழந்தைகளும் தொலைவில் இல்லை. கல்லூரிகள் பயிற்சிக்காக ஏற்கெனவே பள்ளிகளோடு தொடர்பில் உள்ளன. மாலையில் ஒரு மணி நேரம், ஐந்து குழந்தைகளைக் கேட்டால் மறுக்கும் தலைமையாசிரியர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். குழந்தைகளின் முகங்கள் பதிவாகுமே என்ற அச்சம் நியாயமானது. கேமராவை ஆசிரியரை நோக்கித் திருப்பி வைக்கலாம். குழந்தைகளின் குரல் மட்டும் கேட்டால் போதும். பெற்றோர் ஒப்புதலும், மதிப்பீடு முடிந்ததும் பதிவை அழிக்கும் விதியும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

பணி நியமனத்தில் வகுப்பறைச் செயல்விளக்கமோ நேர்காணலோ இடம்பெற வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. நேர்காணல் என்றாலே பரிந்துரையும் பணமும் நுழையும் என்று தமிழ்நாட்டில் அஞ்சுவதற்குக் காரணங்கள் உண்டு. எனவே அதை நியமனத்தில் புகுத்துவதைவிட, பட்டம் பெறும் கட்டத்திலேயே செய்வது பாதுகாப்பானது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் நுண்ணிலைக் கற்பித்தலுக்கான பதிவேட்டை நீக்கிவிட்டு, ஒரே திறனில் முதல் வகுப்பும் மறு வகுப்புமாக இரண்டு ஆறு நிமிடக் காட்சிகளையும், இடையில் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று மாணவர் தம் கையால் எழுதிய ஒரு பக்கத்தையும் கேட்கலாம். வேறு கல்லூரியைச் சேர்ந்த, மாணவரின் பெயர் அறியாத ஒருவர் அவற்றைப் பார்த்து மதிப்பிட 15 நிமிடம் போதும்.