முன்சில்லின் நடுக்கம்

மோட்டார் சைக்கிளைப் பற்றி இப்பகுதியில் நாம் எழுதப் புகுந்தமை வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆனால், வளர்ந்த ஆண்பிள்ளை உள்ள வீட்டில் இவ்வண்டியைக் கேட்டு அவன் அடம்பிடிக்கும் நாள் ஒன்று வந்தே தீரும். அப்போது தந்தையார் விலையை விசாரிக்கிறார். தாயார் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறார். வண்டியின் குணத்தை விசாரிப்பார் அரியர். பந்தய வண்டிகளைப் போலச் செய்யப்பட்ட குறுகிய மோட்டார் சைக்கிள்களுக்குக் குணம் ஒன்று உண்டு. வேகமாகச் செல்லுகையில் ஹாண்டில் தானாகவே இடமும் வலமுமாக உதறத் தொடங்குதலே அது.

இதனை விளங்கிக்கொள்ள மோட்டார் சைக்கிள் வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொண்டுசெல்லும் தள்ளுவண்டியின் சிறு சில்லைக் கவனியுங்கள். அது திரும்பும் தண்டு முன்னேயும், நிலத்தைத் தொடும் இடம் பின்னேயும் இருக்கின்றன. ஆதலால் தள்ளும் திசையிலே சில்லு தானாக இழுபட்டு நேராகிறது. ஆயினும் சற்று வேகமாகத் தள்ளினால் அதே சில்லு படபடவென்று அடித்துக்கொள்ளும். நேராக்கும் விசை சில்லை நடுவுக்குக் கொண்டுவருகிறது. வந்த வேகத்தில் அது நடுவைக் கடந்து மறுபுறம் போகிறது. அங்கிருந்து மீண்டும் இழுபடுகிறது. ஆட்டத்துக்கு வேண்டிய சக்தி வண்டியின் ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது. உறுதியைத் தரும் அமைப்பே நடுக்கத்தையும் தருகின்றது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

மோட்டார் சைக்கிளிலும் திரும்பும் தண்டின் நேர்கோட்டை நிலம்வரை நீட்டினால், அது ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே விழும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை நாம் இங்கே பின்னிழுவை என்போம். பந்தய வகை வண்டிகளில் இது 90 முதல் 100 மில்லிமீற்றர் வரை இருப்பது வழக்கம். தண்டு நிலைக்குத்திலிருந்து ஏறக்குறைய 24 பாகை சாய்ந்திருக்கும். இரு சில்லுகளின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 1400 மில்லிமீற்றர் அளவிலேயே நிற்கும். நெடும்பயணத்துக்கான பெரிய வண்டிகளில் அது 1600 ஐயும் தாண்டும். இடைத்தூரமும் சாய்வும் பின்னிழுவையும் குறைந்தால் வண்டி வளைவுகளில் கத்தி போலத் திரும்பும். இளைஞர் விரும்புவதும் அதனையே.

சுழலும் சில்லு பம்பரம் போன்றது, ஆகவே வண்டி விழாது என்று நம்மிற் பலர் படித்திருக்கிறோம். இது முழு உண்மையன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ் என்னும் இரசாயனவியலாளர், எவராலும் ஓட்டமுடியாத சைக்கிள் ஒன்றைச் செய்வதெனப் புறப்பட்டார். முன்சில்லின் பக்கத்தில் இன்னொரு சில்லைப் பூட்டி எதிர்த்திசையிற் சுழலவிட்டுப் பம்பர விளைவை ஒழித்தார். சைக்கிள் அப்போதும் ஓடிற்று! பின்னிழுவையை எதிர்ப்புறமாக மாற்றிய பின்னரே அது ஓட்டுவதற்கு மிகவும் கடினமாயிற்று. 1970 இல் அவர் எழுதிய இக்கட்டுரை இன்றும் படிக்கச் சுவையானது. பின்பு 2011 இல் ஒல்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், பம்பர விளைவும் பின்னிழுவையும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் சிறு வண்டியொன்றைச் செய்து காட்டினர். பாரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம் என்பது அதனால் தெளிவாயிற்று.

மோட்டார் சைக்கிளின் ஆட்டங்களை 1971 இல் றொபின் ஷார்ப் என்பவர் கணித முறையில் வகுத்தார். முன்சில்லும் ஹாண்டிலும் மட்டும் விரைந்து உதறுவதை நடுக்கம் எனலாம். அதன் மீடிறன் செக்கனுக்கு ஏறக்குறைய 6 முதல் 10 வரை. வண்டி முழுவதும் பாம்பு போல வளைந்து நெளிந்து செல்வது மற்றையது; அது மெதுவானது, செக்கனுக்கு 2 முதல் 4 வரை. இரண்டுக்கும் காரணங்கள் வேறு, பரிகாரங்களும் வேறு. பின்னாசனத்தின் பின்னே உயரமாக மூட்டை கட்டிக்கொண்டு வேகமாக ஓடுபவர் பெரும்பாலும் சந்திப்பது நெளிவை.

இனிக் குறுகிய வண்டிக்கு வருவோம். ஆர்முடுகும்போது பாரம் முன்சில்லிலிருந்து பின்சில்லுக்கு மாறுகிறது. மாறும் அளவு, ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர்விகிதமாகவும் சில்லுகளின் இடைத்தூரத்துக்கு நேர்மாறு விகிதமாகவும் இருக்கும். எனவே குறுகிய வண்டியில் முன்சில்லு எளிதில் இலேசாகிறது. அந்த வேளையில் வீதியில் ஒரு மேடு வந்தால் சில்லு நிலத்தை விட்டெழுந்து, சற்றுக் கோணலாக மீண்டும் விழும். விழுந்தவுடன் நேராக்கும் விசை அதனை ஒரே அடியாக இழுக்க, உதறல் தொடங்குகிறது. அது முற்றினால் ஹாண்டில் பெற்றோல் தாங்கியின் இருபுறத்திலும் மாறி மாறி அறையும்.

1997 இல் வெளிவந்த சுசூக்கி டி.எல். 1000 எஸ் இதற்குப் பேர்போனது. அதன் இரட்டை உருளை எஞ்சின் நீளமானது. இடைத்தூரத்தையோ குறுக்க வேண்டும். பின்புறத்தில் இடமில்லாமையால் சுருளும் தணிப்பானும் பிரிக்கப்பட்டு, சுழலும் வகைத் தணிப்பான் ஒன்று பொருத்தப்பட்டது. ஹாண்டில் உதறுகிறது என்ற முறைப்பாடுகள் பிரித்தானியாவில் எழவே, அதே ஆண்டில் வண்டிகள் திருப்பியழைக்கப்பட்டு ஹாண்டில் தணிப்பான் பூட்டப்பட்டது. கடதாசியில் அழகாயிருந்த அளவுகள் வீதிக்கு வந்ததும் இவ்வாறு திருத்தம் கேட்டன.

தணிப்பானை எல்லா வண்டிக்கும் இறுக்கிப் பூட்டிவிட்டாற் போதாதா என்று கேட்கலாம். போதாது. நடுக்கத்தை அடக்கும் தணிப்பான் உயர்வேகத்தில் நெளிவை மோசமாக்கும் என்பது கணக்கிலே தெளிவாகத் தெரிந்தது. மெதுவாகச் செல்லுகையில் ஹாண்டிலைப் பாரமாக்கியும் விடும். இதனாற்றான் 2004 இல் ஹொண்டா நிறுவனம் தன் 1000 சி.சி. பந்தய வகை வண்டியில், வேகத்துக்கும் ஆர்முடுகலுக்கும் ஏற்ப இறுகித் தளரும் மின்னணுத் தணிப்பானை வைத்தது.

உதறல் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலோர் இயல்பாகச் செய்வன இரண்டு: ஹாண்டிலை இறுகப் பிடித்தல், முன்பிறேக்கை அழுத்துதல். இரண்டும் தவறு. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் லைம்பியர், இவாஞ்சலு ஆகியோர் ஷார்ப்புடன் சேர்ந்து 2001 இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பிறேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் நடுக்கத்தின் தணிவு குறைகிறது என்றும், சமநிலத்தில் ஆர்முடுகும்போது கூடுகிறது என்றும் காட்டியது. முன்சொன்னதற்கு இது முரண் போலத் தோன்றலாம். ஆனால் ஆர்முடுகல் முன்சில்லை இலேசாக்கி மேட்டில் முதல் அடியை வாங்கித் தருவது ஒன்று; தொடங்கிய நடுக்கம் தணிவது வேறொன்று. ஆகவே முழங்கால்களால் தாங்கியை இறுகப் பற்றி, உடலைச் சற்று முன்னே சாய்த்து, கைகளைத் தளர்த்தி, பெற்றோலைத் திடீரென்று வெட்டாமல் மெல்லக் குறைப்பதே உத்தமம் என்பது எமது கருத்து. இறுகிய கைகள் ஓட்டுநரின் உடலையும் ஆட்டத்தில் சேர்த்துவிடும்.

வண்டி பழையதாயின் இதற்கு முன்பே கவனிக்க வேண்டியவை உண்டு. தேய்ந்த ரயர், குறைந்த காற்று, நிறைச்சமன் இல்லாத சில்லு ஆகிய ஒவ்வொன்றும் நடுக்கத்துக்குத் துணைபோகும். எல்லாவற்றிலும் பொல்லாதது ஹாண்டில் தண்டின் தளர்ந்த பெயரிங்குகள். பரீட்சை எளிது. ஒருவர் வண்டியை முன்சில்லு நிலத்தில் படாதவாறு தாங்கிக்கொள்ள, மற்றவர் முன்கவையின் இரு கால்களையும் அடியிற் பிடித்து முன்னும் பின்னுமாக அசைக்கட்டும். ‘டக்’ என்ற ஓசை கையில் உணரப்படின் பெயரிங்கு தளர்ந்துவிட்டது. பின்பு ஹாண்டிலை மெல்ல இருபக்கமும் திருப்ப வேண்டும். நடுவில் குழியில் விழுந்தாற்போல் அது தங்கி நின்றால் பெயரிங்கு தேய்ந்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, மாற்றவே வேண்டும். பழைய வண்டி வாங்கச் செல்லும் தந்தையார், விற்பவர் முகஞ்சுளித்தாலும், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இவ்விரண்டையும் செய்து பார்க்கட்டும்.