தலைவர் வீடும் சேரி நிலமும்

தலைவர் வீட்டுக்குப் பக்கத்து மனை என்றால் விலை ஏறும். மதுரையைச் சுற்றி பிளாட் போடுகிற புரோக்கர் இதைப் பெருமையாகச் சொல்வான். தார் ரோடு வரும், லைட்டு வரும், போலீஸ் காவல் வரும். சரி, பக்கத்திலே சேரிக்காரன் நிலம் இருந்தால் அவனுக்கு என்ன வரும்?

திருப்போரூர் பக்கம் சிறுதாவூரைப் பாருங்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் நிலமற்ற 20 தலித் குடும்பங்களுக்கு அங்கே நிலம் ஒப்படைக்கப்பட்டது. பிற்பாடு ஜெயலலிதா தங்கிய பங்களாவால் அந்த ஊர் நாடறிந்தது. தலித் நிலம் பறிபோன புகார் 2006இல் வெடித்தது. தனக்குச் சம்பந்தமில்லை என்றார் அவர். நீதிபதி சிவசுப்பிரமணியம் கமிஷன் விசாரித்து 2010இல் அறிக்கை தந்தது. பங்களா யாருடையது என்றே ஊர் பேசியது. நிலம் யாருடையது என்று கேட்க நாதியில்லை.

விலையேற்றம் விற்கிறவனுக்குத்தான் லாபம். உழுது பிழைக்கிற நம்ம சனத்துக்கு நிலம்தான் சோறு, நிலம்தான் மானம். விலை ஏற ஏற ஆசைகாட்டலும் மிரட்டலும் வெற்றுத்தாளில் கைநாட்டும் சேரிக்குள் நுழையும்.

1892 அரசாணைப்படி தந்த பஞ்சமி நிலத்தை ஒடுக்கப்பட்டோர் தவிர வேறெவரும் வாங்கினால் செல்லாது. இதை எத்தனை பேர் அறிவோம்?

மாணவத் தோழர்களே! விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அ-பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். சர்வே எண் வாரியாக எழுதுங்கள். தலைவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தது போதும். தாலுகா ஆபீஸ் வாசலுக்குக் கூட்டமாய்ப் போவோம்.