எழுபது சேக்குகள் யார் கணக்கில்?

2021 ஏப்ரலில் சின்சினாட்டி பெங்கால்ஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். அந்த ஆண்டு டிராஃப்டில் அணிக்கு ஐந்தாவது தேர்வு கையில் இருந்தது. ஒரு கட்சிக்குப் பெனே சூவெல் வேண்டும். ஒரேகான் பல்கலைக்கழகத்தின் டேக்கிள். 2019-இல் கல்லூரி லைன்மேன்களுக்கான அவுட்லண்ட் கோப்பையை வென்றவர். மறு கட்சிக்கு ஜமார் சேஸ் வேண்டும். 2019 பருவத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றபோது ஜோ பரோ எறிந்ததைப் பிடித்த ரிசீவர். அந்தப் பரோதான் இப்போது பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக். முதல் பருவத்தின் பத்து ஆட்டங்களில் 32 முறை சேக் ஆகி, அதாவது எறியும் முன்பே வீழ்த்தப்பட்டு, நவம்பரில் முழங்கால் சிதைந்து வெளியேறியிருந்தார். பிழைத்திருந்தால்தானே எறிவார், அதற்குச் சூவெல் வேண்டும் என்றது ஒரு தரப்பு. பிடிக்க ஆள் இருந்தால் சீக்கிரம் எறிவார், சேக் தானே குறையும் என்றது மற்றது.

அணி சேஸைத் தேர்ந்தது. சூவெல் ஏழாவது தேர்வில் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். அந்தப் பருவத்தில் சேஸ் 1,455 யார்டு எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரரானார். பெங்கால்ஸ் சூப்பர் பவுல் வரை சென்றது. பரோ லீக் சுற்றில் 51 முறையும் பிளேஆஃபில் 19 முறையும் சேக் ஆனார். மொத்தம் 70. சேஸ் கட்சி இறுதிப் போட்டியைக் காட்டியது; சூவெல் கட்சி எழுபதைக் காட்டியது. யாரும் தோற்கவில்லை, யாரும் வெல்லவுமில்லை.

இது ஒரு ஊரின் சச்சரவு மட்டுமல்ல. என்.எஃப்.எல். அணி உள்ள எந்த ஊரிலும் ஆஃபென்சிவ் லைன் சரிந்தால் இதே நான்கு குரல்கள் எழும்: டிராஃப்டில் எடு, சந்தையில் வாங்கு, பயிற்சியாளரை மாற்று, குவார்ட்டர்பேக்கைச் சீக்கிரம் எறியச் சொல். நால்வரும் கையில் எண் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அந்த எண்களை அவர்களுக்குக் கொடுப்பது நம் தொழில். விவாதம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றுகிறது என்றால், நாம் கொடுக்கும் எண்ணின் அலகு சரியா என்று பார்க்க வேண்டும். தனி ஆளுக்கு மதிப்பெண் போடுகிறோம். களத்தில் வேலை செய்வதோ ஐந்து பேர் சேர்ந்த ஓர் அமைப்பு.

இடது டேக்கிள், இடது கார்டு, சென்டர், வலது கார்டு, வலது டேக்கிள். பந்து புறப்படும் முன்பே யார் யாரைத் தடுப்பது என்ற ஏற்பாடு பெரும்பாலும் சென்டரின் வாய்மொழியில், சில அணிகளில் குவார்ட்டர்பேக்கின் வாய்மொழியில், வரிசை முழுவதற்கும் போகிறது. எதிரணி சும்மா நேரே ஓடி வருவதில்லை. இருவர் குறுக்கே வெட்டி இடம் மாறி வரும் ஸ்டன்ட் வந்தால், கார்டு தன் ஆளை டேக்கிளிடம் விட்டு டேக்கிளின் ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும். அரை நொடி தாமதித்தால் வழி திறந்துவிடும். கபடியில் கைகோத்து நிற்கும் இருவரில் ஒருவர் பிடியைத் தவறவிட்டால், வெறுங்கையோடு நிற்பவர்தான் கண்ணுக்குப் படுகிறார். தவறு அவருடையதா, பக்கத்தில் நின்றவருடையதா? அன்றைய ஏற்பாடு என்ன என்று அணியின் அறைக்குள் இருப்பவர்களுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். வெளியிலிருந்து படம் பார்த்து மதிப்பெண் போடுபவர் பல இடங்களில் ஊகிக்கிறார். ஊகம் தசமப் புள்ளியோடு அச்சாகும்போது ஊகமாகத் தெரிவதில்லை.

முதல் சிக்கல் சேக் என்ற எண்ணிலேயே இருக்கிறது. 1982 முதல் தடுப்பாட்டக்காரர்களுக்குத் தனித்தனியாக அதிகாரப்பூர்வ சேக் கணக்கு உண்டு. அதைத் தடுக்கத் தவறியவருக்கு அப்படி ஒரு பத்தி புள்ளிவிவரத் தாளில் கிடையாது. ஆகவே மொத்தச் சேக்கும் லைனின் தலையில் விழுகிறது. 2021 பிப்ரவரி 7-இல் நடந்த சூப்பர் பவுலை எடுத்துக்கொள்வோம். டாம்பா பே பக்கனியர்ஸ் 31–9 என்று கான்சஸ் சிட்டி சீஃப்ஸை வீழ்த்திய ஆட்டம். பேட்ரிக் மஹோம்ஸ் மீது 29 முறை அழுத்தம் வந்தது. எறிவதற்கும் வீழ்த்தப்படுவதற்கும் முன்பாக அவர் ஓடித் திரிந்த தூரம் மட்டும் 497 யார்டு. ஆனால் சேக் மூன்றுதான். ஓராண்டு கழித்து டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராகப் பரோ ஒன்பது முறை சேக் ஆனார், அணி 19–16 என வென்றது. மூன்றையும் ஒன்பதையும் அருகருகே வைத்து லைன்களை ஒப்பிட்டால் நாம் அளப்பது லைனையா, இரண்டு குவார்ட்டர்பேக்குகளின் சுபாவத்தையா? மஹோம்ஸ் பின்வாங்கி ஓடித் தப்புவார். 2021-இன் பரோ நீளமான எறிதலுக்காகக் காத்து நிற்பார். அந்தக் காத்திருப்புக்குக் கூலியும் கிடைத்தது: ஒரு எறிதலுக்கு 8.9 யார்டு, லீகிலேயே முதலிடம். எழுபதில் ஒரு பங்கு அந்த 8.9-க்குக் கொடுத்த விலை.

இன்னொரு பங்கு இடம் சார்ந்தது. டைட்டன்ஸ் ஆட்டத்தில் மூன்று சேக் எடுத்த ஜெஃப்ரி சிம்மன்ஸ் வரிசையின் நடுவில் ஆடுபவர். அந்தப் பருவத்தில் பெங்கால்ஸ் ஆடிய சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தில், நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது பரோவைப் பிடித்துச் சுழற்றிய ராம்ஸ் வீரர் ஆரன் டொனால்டும் உள்ளே புகுந்தே வந்தார். சூவெல் டேக்கிள், அவர் காப்பது ஓரத்தை. டொனால்ட் அந்த முயற்சியில் ஓரத்தைத் தேடவே இல்லை. அதே நொடியில் சேஸ் தன்னைக் காத்த ஆளைத் தாண்டி முன்னே தனியாக ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு கட்சிகளின் வாதமும் ஒரே காட்சியில் பக்கம் பக்கமாக நின்றன. தீர்ப்பைச் சொன்னதோ கட்சிகள் பேசாத மூன்றாவது இடம், கார்டு.

பெங்கால்ஸ் பாடம் கற்று 2022-இல் பணத்தை இறக்கியது. டெட் காரஸ், அலெக்ஸ் காப்பா, லயெல் காலின்ஸ் ஆகிய மூவரைச் சந்தையில் வாங்கியது. இடது கார்டாக நான்காம் சுற்றுப் புதுமுகம் கார்டெல் வோல்சன் வந்தார். பழைய ஆள் ஜோனா வில்லியம்ஸ் ஒருவரே. முதல் ஆட்டத்தில் ஏழு சேக், இரண்டாவதில் ஆறு. வாங்கியது வீண் என்ற குரல் உடனே எழுந்தது. அடுத்த பதினான்கு ஆட்டங்களில் மொத்தமே 28. சராசரி ஆறரையிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. ஆள் மாற்றம் எதுவும் அதற்குக் காரணமில்லை, கடைசி வாரங்கள் வரை அதே ஐவர்தான். ஜூலையில் குடல்வால் அறுவை முடிந்து பயிற்சி முகாமின் பெரும்பகுதியைப் பரோ தவறவிட்டிருந்தார். ஐவரும் அவரும் ஒன்றாக ஆடிப் பழகியதே பருவம் தொடங்கிய பிறகுதான். அவரும் பந்தை முன்னைவிட விரைவாக விட்டார். இந்த முன்னேற்றத்தை ஐந்து தனி மதிப்பெண்களில் எப்படி எழுதுவது? ஐவருமே செப்டம்பரில் மோசமாக இருந்து அக்டோபரில் தேறிவிட்டார்கள் என்றுதான் எழுத முடியும். அது நடந்ததைச் சொல்லாது.

பருவத்தின் முடிவில் காலின்ஸ், காப்பா, வில்லியம்ஸ் மூவரும் அடுத்தடுத்துக் காயம்பட்டார்கள். மூன்று மாற்று ஆட்களோடு பஃபலோ பனியில் பெங்கால்ஸ் 27–10 என்று வென்றது. சேக் ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் அதே வரிசை கான்சஸ் சிட்டியில் ஐந்து சேக் கொடுத்து 20–23 என்று தோற்றது. ஒரே வரிசைக்கு ஏழு நாளில் இரண்டு விதமான மதிப்பு. ஓர் ஆட்டத்து எண்ணை வைத்து மாற்று ஆட்கள் போதும் என்றோ போதாது என்றோ எழுதியவர்கள் இரு வாரத்திலும் சறுக்கினார்கள்.

மொத்தமாக வாங்கிக் குவித்தால் தீரும் என்பவர்கள் சீஃப்ஸைக் காட்டுவார்கள். 29 அழுத்தங்களுக்குப் பிறகு, காயத்தில் கிடந்த எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் இருவரையும் அந்த அணி விடுவித்தது. ஜோ தூனிக்கு ஐந்தாண்டுக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தம். பால்டிமோரிலிருந்து ஆர்லாண்டோ பிரவுன். டிராஃப்டில் 63-ஆவது தேர்வாகக் கிரீட் ஹம்ஃப்ரி, 226-ஆவதாக டிரே ஸ்மித். 2021 பருவத்தின் தொடக்கத்தில் ஐந்து இடத்திலும் புது ஆள். 2023 பிப்ரவரியில் அந்தப் பருவம் 70 சேக் எடுத்திருந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை எதிர்கொண்ட சூப்பர் பவுலில் ஒரு சேக்கும் கொடுக்காமல் 38–35 என்று வென்றார்கள். கிளெண்டேல் மைதானப் புல் வழுக்கியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். ஆனால் அந்த வரிசையின் வலது டேக்கிள் ஆண்ட்ரூ வைலி. டாம்பா பே ஆட்டத்திலும் வலது டேக்கிளாக நின்றவர் அதே வைலிதான். தனி ஆள் கணக்குப்படி அவர் ஒருவரே இரண்டு ஆள். அமைப்பின் கணக்குப்படி இதில் வியப்பில்லை: சுற்றி நின்ற நால்வரும் மாறியதால், உதவி அவர் பக்கம் போக வழி பிறந்தது.

2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் அதே சீஃப்ஸிடம் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். இடது டேக்கிளுக்கு ஆள் அமையாமல், லீகின் தலைசிறந்த கார்டுகளில் ஒருவரான தூனியை அங்கே நகர்த்தியிருந்தார்கள். ஓர் ஓட்டையை அடைக்க இரண்டு இடம் பலவீனமானது. ஈகிள்ஸ் கூடுதல் ஆளை அனுப்பும் பிளிட்ஸ் ஒருமுறையும் செய்யாமல், வரிசையில் நின்ற நால்வரை மட்டும் அனுப்பியே ஆறு சேக் எடுத்து 40–22 என்று வென்றது. ஐந்து பேரின் சராசரியைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை மோசமில்லை. எதிரணிப் பயிற்சியாளர் சராசரியைப் பார்ப்பதில்லை. எந்தத் தையல் பிரிந்திருக்கிறது என்று பார்க்கிறார்.

பயிற்சியாளரை மாற்று என்னும் மூன்றாவது குரலுக்கும் ஆதாரம் உண்டு. 2013-இல் ஈகிள்ஸுக்கு வந்த ஜெஃப் ஸ்டவுட்லண்டிடம், 2018-இல் ஏழாம் சுற்றில் தேர்வானார் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர், அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில்கூட இறங்காதவர். அவர் சூப்பர் பவுல் வென்ற இடது டேக்கிளாக வளர்ந்தார். ஆனால் இப்படி வளர்க்க நாள் பிடிக்கும். 2011-இன் கூட்டு ஒப்பந்தம் முழுக் கவசப் பயிற்சியை லீக் சுற்று முழுவதற்கும் 14 ஆகக் குறைத்தது. மோதிப் பழகாமல் கற்க முடியாத வேலைக்கு அது குறுகிய காலம். ஆண்டுதோறும் பயிற்சியாளரையும் ஆளையும் மாற்றச் சொல்லும் விவாதம் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

நம்மிடம் கருவி இல்லாமலில்லை. தோள் கவசத்தில் உள்ள சில்லு ஒவ்வொருவரின் இடத்தையும் நொடிக்குப் பத்து முறை பதிகிறது. அதன்மேல் ஈ.எஸ்.பி.என். கட்டிய பாஸ் பிளாக் வெற்றி விகிதம், தடுப்பு இரண்டரை நொடி நிலைத்ததா என்று கேட்கிறது. குவார்ட்டர்பேக் நான்கு நொடி பந்தை வைத்திருந்து வாங்கிய சேக்கை லைனின் தலையில் கட்டாத நல்ல அளவு அது. ஆயினும் பக்கத்து ஆள் கை கொடுத்தாரா, தனியே விடப்பட்டாரா என்பதை அந்த ஒற்றைச் சதவீதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குறை அளவில் இல்லை. அதை வீரரின் பெயருக்குப் பக்கத்தில் தரவரிசையாக அடுக்கி, விளக்கம் இல்லாமல் வெளியிடுவதில் இருக்கிறது. ரசிகர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இன்னாரைத் தூக்கு, இன்னாரை வாங்கு என்கிறார். அவர் நாம் கொடுத்ததைச் சரியாகவே வாசிக்கிறார்.

அணிகளுக்கும் ஊடகங்களுக்கும் எண் தயாரிக்கும் தோழர்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. அழுத்தத்தையும் சேக்கையும் பிரித்து, பந்து கையில் இருந்த நேரத்தோடு சேர்த்துக் கொடுங்கள். ஐவரும் ஒன்றாக ஆடிய ஆட்ட எண்ணிக்கையை முன்னே வையுங்கள். ஆள் மாறிய நாளில் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். சராசரியோடு நில்லாமல், எந்த இருவருக்கு இடையே அதிகம் உடைந்தது என்று காட்டுங்கள். யாருடைய பொறுப்பு என்று படத்தில் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே குறியுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் டிராஃப்டா, சந்தையா என்ற விவாதம் நடக்கும், நடக்கட்டும். எந்த இடத்தில் பிரிந்திருக்கிறது என்று தெரிந்து நடக்கும் விவாதம் அது.

இந்த இதழும் தன் பங்கைச் செய்யும். அடுத்த இதழ் முதல், லைன்மேன் மதிப்பீடு பற்றி வரும் கட்டுரைகளில் பந்து கையில் இருந்த நேரம், ஐவர் கூட்டின் ஆட்ட எண்ணிக்கை, பொறுப்பு தெரியாமல் விடப்பட்ட ஆட்டங்களின் விகிதம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இல்லாத கட்டுரை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் திருத்தத்துக்குத் திரும்பி வரும்.